பூசைக்குப் போகிறேன், மனசு காய்ந்தே கிடக்கிறது: இதற்கு என் பதில்

கேள்வி இது: "சிறு வயதிலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசை தவறுவதில்லை. ஆனால் உள்ளே எதுவும் அசைவதில்லை. கொஞ்சம் எழுதுவேன், பாடவும் வரும். விசுவாசம், ஓவியம், இசை, பங்குச் சமூக வாழ்க்கை எல்லாம் தங்களுக்குப் பெரிய உந்துதல் தருவதாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு ஏன் அது கிடைக்கவில்லை? எங்கிருந்து தொடங்குவது?"

காய்ந்து கிடக்கிறது என்று தெரிந்து, அதற்காக வருத்தமும் படுகிறீர்கள். அந்த வருத்தத்தை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. தாகம் இருக்கிறவருக்குத்தான் அது வரும்.

இப்படிக் கேட்கிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு வழியை முயன்று பார்த்திருப்பார்கள். புகழ்பெற்ற ஓவியங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது, பெரிய இசைமேதைகளின் திருப்பலி இசையைக் காதில் மாட்டிக்கொண்டு ஏதாவது தொடாதா என்று காத்திருப்பது. இரண்டு நாள் தொடும். மூன்றாம் நாள் அதுவும் பழகிப்போகும். கத்தோலிக்க மரபில் இன்று நாம் கலை என்று கொண்டாடுகிறவற்றில் பெரும்பகுதி ரசிகர்களை மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். யாரோ சிலர், ஓர் இடத்தில், ஒரு தேவையோடு மண்டியிட்டபோது அவர்களுக்கு உதவுவதற்காக அவை செய்யப்பட்டன. நாமும் ஏதாவது ஒரு தேவையோடு போய் நின்றால்தான் அவை நம்மிடம் பேசுகின்றன. என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் சான் மார்க்கோ என்ற துறவு மடம் இருக்கிறது. 1440-களை ஒட்டிய ஆண்டுகளில், தொமினிக்கன் துறவியான ஃப்ரா ஆஞ்செலிக்கோ தம் உதவியாளர்களோடு சேர்ந்து, தம் சபைச் சகோதரர்கள் தங்கும் சிற்றறைகளில் அறைக்கொரு சுவரோவியம் தீட்டினார். சின்ன அறை, சின்னச் சன்னல், பக்கத்தில் ஓர் ஓவியம். அந்த அறையில் இருந்தவருக்கு விடிந்தால் தெரிவதும் படுக்கும்முன் தெரிவதும் அந்த ஒரு படம்தான். மாடிப்படி ஏறியவுடன் எதிர்ச் சுவரில், கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. அதன் கீழே லத்தீனில் ஒரு வரி எழுதியிருக்கிறது. கன்னியின் உருவத்துக்கு முன்னால் வரும்போது, 'அருள் நிறைந்த மரியே' சொல்லாமல் கடந்து போய்விடாதபடி பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று படமே சொல்லிக்கொடுக்கிறது: நின்று, ஒரு செபம் சொல்லிவிட்டுப் போ. 1982-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆஞ்செலிக்கோவை அருளாளர் என்று அறிவித்தார். 1984-ல் கலைஞர்களுக்குப் பாதுகாவலர் ஆக்கினார்.

அடுத்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காய்ந்த மனசுக்கு இதைவிட நல்ல ஓவியம் எனக்குத் தெரியாது. இன்று பிரான்சின் கோல்மார் நகரில், உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈசன்ஹைம் பீட ஓவியம். மத்தியாஸ் க்ரூனெவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையே வரைந்தது. புனித அந்தோணியார் (பதுவை நகரவர் அல்லர், எகிப்தின் பாலைவனத் துறவி) பெயரால் அமைந்த சபையினர் ஈசன்ஹைமில் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். அங்கே வந்தவர்களில் பலருக்கு 'அந்தோணியார் நெருப்பு' என்று அழைக்கப்பட்ட நோய். ரை என்ற தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சை ரொட்டி வழியாக உடலுக்குள் போய் உண்டாக்குவது அது. அந்தக் காலத்தில் காரணம் யாருக்கும் தெரியாது. கை கால் தீப்பிடித்ததுபோல் எரியும், வலிப்பு வரும், விரல்கள் கறுத்து அழுகும். முற்றினால் உறுப்பையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். நோயாளிகளை முதலில் அந்தப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவருவார்கள். சிகிச்சையின் ஒரு பகுதியே அது.

அவர்கள் அங்கே பார்த்தது என்ன? சிலுவையில் இயேசு. ஆனால் வழக்கமாக நாம் பார்க்கும் வெண்மையான, அழகான உடல் இல்லை. பச்சை பாய்ந்த தோல். உடல் முழுக்கப் புண்கள், அவற்றில் ஒடிந்து நிற்கும் முட்கள். ஆணியடித்த உள்ளங்கையிலிருந்து விரல்கள் வலிப்பு வந்தவருடைய விரல்களைப்போல் வானத்தை நோக்கி விறைத்து விரிந்திருக்கும். பாதங்கள் கறுத்து வீங்கியிருக்கும். படுக்கையில் கிடந்தபடி பார்க்கிற ஒரு நோயாளிக்கு அது யாருடைய உடல் என்று விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அவர் தன் கையைப் பார்ப்பார், மேலே பார்ப்பார். என் நோய் அவருக்கும் இருக்கிறது.

சிலுவைக்கு வலப்புறம் திருமுழுக்கு யோவான், ஒரு நீண்ட சுட்டுவிரலால் இயேசுவைக் காட்டியபடி நிற்கிறார். அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும் என்ற நற்செய்தி வசனம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. சிலுவை மரணத்தின்போது யோவான் உயிரோடு இல்லை. ஏரோது ஏற்கெனவே தலையை வெட்டிவிட்டான். வரலாறு தெரியாமல் ஓவியர் இப்படி வரைந்துவிடவில்லை. சாட்சி சொல்வதற்கு மரணம்கூடத் தடையில்லை என்பதுபோல் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்.

இந்தப் பீடத்துக்குக் கதவுகள் உண்டு. பெரிய திருநாள்களில் அவற்றைத் திறப்பார்கள். திறந்தால் உள்ளே ஒரு பக்கம் மங்கள வார்த்தை, நடுவில் குழந்தையோடு மரியா, மறுபக்கம் உயிர்ப்பு. கல்லறையிலிருந்து எழும்பும் இயேசுவின் பின்னால் ஒரு பெரிய ஒளிவட்டம். முகமே அந்த ஒளியில் கரைந்துபோவதுபோல் இருக்கும். தோலைப் பாருங்கள். ஒரு புண்கூட இல்லை. ஆணித் தழும்புகள் மட்டும் இருக்கின்றன, அவையும் ஒளிர்கின்றன. அதே உடல், அதே காயங்கள், நோய் மட்டும் போய்விட்டது. மாதக்கணக்கில் மூடிய கதவின் வெளிப்பக்கத்தையே பார்த்துக் கிடந்த ஒருவருக்குத் திருநாளன்று இது திறக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம்பிக்கையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இது கதவின் கீல் வழியாகச் சொல்லப்பட்ட பிரசங்கம்.

இதைப் பார்க்கக் கோல்மார் போகவேண்டும் என்பதில்லை. நல்ல அச்சுப் பிரதி ஒன்று போதும். ஆனால் ஒன்றே ஒன்றை எடுங்கள், ஒரு மாதம் அதை மாற்றாதீர்கள். தினமும் பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்: யாருடைய கை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது. பிறகு, இது யாருக்காக வரையப்பட்டது, அவருக்கு என்ன வலி என்று கேளுங்கள். கடைசியில், எனக்கு என்ன வலி என்று கேட்டு, அதை அப்படியே செபமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். விவிலியத்தை மெதுவாக வாசித்து, தியானித்து, செபித்து, அமைதியில் நிலைக்கும் பழைய துறவியர் முறையையே ஓவியத்துக்கும் பயன்படுத்துகிறோம். பத்தாம் நாளில் சலிப்பு வரும். அதைத் தாண்டினால்தான் படம் திறக்கத் தொடங்கும், அதனால் அன்று நிறுத்திவிடாதீர்கள்.

எதை எடுப்பது என்று தடுமாறினால், கரவாஜ்ஜோவின் 'புனித மத்தேயுவின் அழைப்பு' நல்ல தொடக்கம். 1599-1600-ல் வரைந்தது, ரோமில் பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயி ஆலயத்தில், எந்தச் சிற்றாலயத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது. இருட்டான ஓர் அறையில் வரி வசூலிப்பவர்கள் காசு எண்ணிக்கொண்டிருக்க, வலப்பக்கத்திலிருந்து இயேசு கைநீட்டுகிறார். அவர் தலைக்கு மேலாக ஒளி சாய்வாக உள்ளே நுழைகிறது. மேசையில் இருப்பவர்களில் மத்தேயு யார் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்: நடுவில் விரல் நீட்டும் தாடிக்காரரா, நிமிர்ந்தும் பார்க்காமல் காசில் கண் வைத்திருக்கும் இளைஞரா? திருத்தந்தை பிரான்சிஸ் கர்தினாலாக இருந்தபோது ரோமுக்கு வரும்போது அடிக்கடி இந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறார்; 2013-ல் ஒரு பேட்டியில் அதைப் பற்றிப் பேசினார். பாவியாகிய தம்மை ஆண்டவர் கண்ணோக்கிய கதையாகவே அதைப் பார்த்ததாகச் சொன்னார். அவருடைய விருதுவாக்கும் மத்தேயுவின் அழைப்பைப் பற்றிய ஒரு பழைய மறையுரையிலிருந்து வந்ததுதான்.

இனி இசை. பாட வரும் என்று சொல்கிறீர்கள், அதனால் இங்கே நான் கொஞ்சம் வற்புறுத்தியே சொல்வேன்: கேட்பதைக் குறைத்துப் பாடத் தொடங்குங்கள். பங்கின் பாடகர் குழுவில் சேருங்கள்.

மொசார்ட்டின் 'ஆவே வேரும் கோர்ப்புஸ்' கேட்டிருப்பீர்கள். நற்கருணையைப் போற்றும் பழைய லத்தீன் பாடலுக்கு அவர் அமைத்த இசை. மொத்தம் 46 தாளக் கட்டங்கள்தான், பாடி முடிக்க ஏறக்குறைய மூன்றரை நிமிடம். 1791 ஜூனில், தாம் இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னால், பாடென் என்ற சிற்றூர் ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்திய தம் நண்பர் ஆன்டன் ஷ்டோலுக்காக, ஆண்டவரின் திருவுடல் பெருவிழாவை ஒட்டி எழுதிக் கொடுத்தார். அரசவைக்கு எழுதவில்லை, பெரிய பேராலயத்துக்கும் எழுதவில்லை. ஊர்க் குழு பாடக்கூடிய அளவில் எழுதினார். பாடுகிறவர்களுக்கு அவர் குறித்திருப்பது ஒன்றுதான்: குரலை அடக்கிப் பாடுங்கள். நீங்கள் அந்தப் பாட்டில் ஒரு குரலை எடுத்துப் பாடிப் பார்த்தால் ஒன்று புரியும். காதில் கேட்கும்போது அழகாக மட்டும் இருந்த ஓர் இடம், பாடும்போது பக்கத்துக் குரலோடு உரசும், பிறகு விலகி இணையும். சிலுவையில் பலியான உடல் என்று சொல் வரும் இடத்தில் அந்த உரசலை உங்கள் தொண்டையிலேயே உணர்வீர்கள். வெளியில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு இது கிடைக்காது.

மேற்கத்திய இசைக்கு ஸ்வரப் பெயர்கள் வந்த வழியும் இதே மாதிரிதான். 11-ஆம் நூற்றாண்டில் கீதோ என்ற துறவி, பாடல்களைக் கற்றுக்கொள்ளத் திணறிய பாடகர்களுக்கு உதவ ஒரு வழி தேடினார். திருமுழுக்கு யோவானுக்கான லத்தீன் பாடல் ஒன்றில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு ஸ்வரம் ஏறித் தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளையே பெயராக வைத்தார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. செபத்தைப் பாடத் தெரியாமல் தவித்தவர்களுக்காகப் பிறந்தது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

கிரகோரியன் பாடல் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு அதற்கு முதன்மை இடம் தருகிறது. அதே ஆவணம் அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுகளுக்கும் உரிய மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டையிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிரகோரியன் பாடலுக்குத் தாளம் கிடையாது. சொல்லின் மூச்சே அதை நடத்தும், எல்லோரும் ஒரே குரலில், தனித்து யாரும் தெரியாமல் பாடுவார்கள். மனசு அலைபாயும் இரவுகளில் கேட்டால் அமைதி தருவது உண்மைதான். ஆனால் அதைத் தூக்கத்துக்கான பின்னணி இசையாக மட்டும் வைத்துக்கொள்வது பெரிய இழப்பு. அது பெரும்பாலும் திருப்பாடல்களைச் சொல்லும் முறை. திருப்பாடல்களில் கோபம் இருக்கிறது, புலம்பல் இருக்கிறது, எத்தனை நாள் ஆண்டவரே என்ற கேள்வி இருக்கிறது. காய்ந்த மனசுக்குத் தேவையான சொற்கள் எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. திருச்சபை நாள்தோறும் வேளைதோறும் சொல்லும் செபத் தொகுப்பான திருப்புகழ்மாலையின் இரவு செபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம்தான். ஒரு திருப்பாடல், ஒரு சிறு வாசகம், உம் அடியானை அமைதியோடு போகவிடும் என்ற சிமியோனின் பாடல். தெரிந்த மெட்டில் மெல்லப் பாடினால் இன்னும் நல்லது.

இசையைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் கைதியாக, கெர்லிட்ஸ் முகாமில் இருந்தார். திருவெளிப்பாட்டு நூலில் வானதூதர் காலம் முடிந்தது என்று அறிவிக்கும் பகுதியை வைத்து எழுதிய நால்வர் இசையை 1941 ஜனவரி 15 அன்று கடுங்குளிரில் சக கைதிகளுக்கு முன்னால் வாசித்தார்கள். கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. வாசிக்கத் தெரிந்த கைதிகளிடம் இருந்த கருவிகள் அவைதான், அதனால் அப்படி ஒரு சேர்க்கை. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது இன்னொன்று. அவர் 1931-ல் பாரிசின் மூவொரு கடவுள் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகச் சேர்ந்தவர், 1992-ல் இறக்கும்வரை அதே பணியில் இருந்தார். உலகமே அறிந்த இசையமைப்பாளர், அறுபது ஆண்டுகள் அதே ஆலயத்தின் பூசைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பழக்கமாகிவிட்டது என்று வருந்துகிற அதே ஞாயிறுதான் அவருக்கும் கிடைத்தது.

ஞாயிறைச் சொன்னதால் திருவழிபாட்டு ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவக்காலம் முழுக்க அல்லேலூயா பாடுவதில்லை, பூக்கள் குறையும், இசைக்கருவிகள் அடங்கும். வானவர் கீதமும் பெரும்பாலும் ஒலிக்காது. நாற்பது நாள் அந்தப் பட்டினியை உணர்ந்து இருந்தவருக்கு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்காத் திருவிழிப்பில் அல்லேலூயா திரும்ப வரும்போது உடம்பே சிலிர்க்கும். அந்த இரவில் இருட்டுக்குள் ஒரே ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து, அதிலிருந்து எல்லோர் கைத்திரிகளுக்கும் நெருப்பு பரவிய பிறகு, திருத்தொண்டர் பாஸ்காப் புகழுரை பாடுவார். கவனித்துக் கேளுங்கள். ஆதாமின் பாவத்தையே பேறுபெற்ற குற்றம் என்று பாடும் துணிச்சல் அதில் இருக்கிறது. அதே பாட்டில், திரிக்கு மெழுகு தந்த தேனீக்களுக்கும் இடம் உண்டு. உலகமே மீட்கப்பட்ட இரவில் தேனீயை மறக்காத ஒரு செபம்! எழுதுகிறவர் நீங்கள், பெரிய பொருளைச் சொல்லும்போது சின்னப் பொருளை எப்படிக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் தேடிப் போக வேண்டாம்.

சமூகம் என்று நீங்கள் கேட்டதுதான் மூன்றிலும் கடினமானது. ஓவியமும் இசையும் நம்மைக் காயப்படுத்தாது. மனிதர்கள் காயப்படுத்துவார்கள். கார்மேல் சபைத் துறவியான சிலுவை யோவானை 1577 டிசம்பரில் சிறைப்பிடித்துத் தொலேதோவில் ஓர் இருட்டறையில் அடைத்தவர்கள் அவருடைய சபையின் சகோதரர்களே. சபைக்குள் அவர் பங்கெடுத்த சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள். ஒன்பது மாதம் அங்கே அடிபட்டு, பட்டினி கிடந்து, 1578 ஆகஸ்டில் தப்பினார். ஸ்பானிய மொழியின் ஆகச் சிறந்த கவிதைகளில் சேரும் அவருடைய ஞானப் பாடலின் பெரும்பகுதி அந்த அறையில் உருவானது. தப்பித்த பிறகும் கார்மேல் துறவியாகவே வாழ்ந்து இறந்தார். இதைச் சொல்வது, கொடுமை கவிதை தந்தது, ஆகவே பொறுத்துக்கொள் என்பதற்காக இல்லை. திருச்சபைக்குள் சிறுவர்களும் பெரியவர்களும் துன்புறுத்தப்பட்டது நம் காலத்தில் வெளிவந்திருக்கிறது. அழகான ஓவியத்தையும் இசையையும் காட்டி அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்களை யாராவது காயப்படுத்தியிருந்தால் அதை நம்பிக்கைக்குரியவரிடம் சொல்லுங்கள், தேவையானால் சட்டத்தின் உதவியை நாடுங்கள். விசுவாசம் அதைத் தடுப்பதில்லை.

அதே சமூகம் ஒரு வார்த்தையால் ஒருவரைத் திறந்துவிடவும் செய்யும். ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் 1868-ல் இயேசு சபையில் சேரும்போது, துறவுக்குப் பொருந்தாது என்று எண்ணித் தம் கவிதைகளை எரித்துவிட்டார். ஏழு ஆண்டுகள் ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. 1875 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் அருள்சகோதரிகள் கப்பல் விபத்தில் இறந்தார்கள். அந்தச் செய்தியால் ஹாப்கின்ஸ் கலங்கியிருந்ததைப் பார்த்த அவருடைய மடத்தலைவர், யாராவது இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்றார். அது போதுமாயிருந்தது. இங்கிலாந்துக் கவிதையின் போக்கையே மாற்றிய நடை அந்தக் கவிதையில்தான் தொடங்கியது. 1889-ல் அவர் இறந்தார். கவிதைகள் நூலாக வந்தது 1918-ல்.

பிரெடெரிக் ஓசானாம் கதை வேறு மாதிரி. 1833-ல் பாரிசில் இருபது வயது மாணவர். கிறிஸ்தவம் ஒரு காலத்தில் நன்மை செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விவாதமொன்றில் நம்பிக்கையற்ற மாணவர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத அந்தக் கேள்வியை அவர் வசையாக எடுத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஏழைகளிடையே பணியாற்றிய அருள்சகோதரி ரோசாலி ரன்துவிடம் போய், ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே போய்ச் சந்திக்கும் முறையைக் கற்றார். இன்று உலகெங்கும் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பால் சபை அப்படிப் பிறந்தது. மனசு காய்ந்திருக்கிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: அந்தச் சபையினரோடு ஒரு தடவை வீடு சந்திக்கப் போய்வாருங்கள். க்ரூனெவால்ட் ஓவியத்தில் பார்த்த அந்த உடலை, மூச்சுவிடும் உடலாக ஏதாவது ஒரு கட்டிலில் பார்ப்பீர்கள். பிறகு ஞாயிறன்று மன்றாட்டில் 'நோயுற்றோருக்காக' என்று வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும்.

உணர்ச்சி வராமலே போனால்? இதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1521-ல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்து, லொயோலாவில் படுத்த படுக்கையாகக் கிடந்த, பிறகு இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், வீரர்களின் சாகசக் கதைகளை வாசிக்கக் கேட்டார். வீட்டில் கிடைத்தவை இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். வாசித்துக்கொண்டும் பகற்கனவு கண்டுகொண்டும் இருந்தவர் ஒன்றைக் கவனித்தார். போர்வீரனாகப் புகழ்பெறும் கனவு காணும்போது இனிக்கிறது, முடிந்தபின் வறட்சி. புனிதர்களைப்போல் வாழும் கனவும் இனிக்கிறது, முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்குகிறது. ஆவிகளைப் பகுத்தறிவது, அதாவது மனத்தில் எழும் தூண்டுதல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பிரித்தறிவது பற்றி அவர் பின்னாளில் சொல்லிக்கொடுத்ததற்கெல்லாம் வித்து இந்தக் கவனிப்புதான். ஆகவே ஓவியத்தின் முன்னாலோ பாட்டின் நடுவிலோ உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைவிட, மறுநாள் காலையில் என்ன மிச்சமிருந்தது என்று பாருங்கள். ஒரு சின்னக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இன்னொருவர் அன்னை தெரேசா. 2007-ல் வெளியான அவருடைய கடிதங்கள், கடவுளின் உடனிருப்பை உணர முடியாத இருளில் அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்ததைக் காட்டின. அதே ஆண்டுகளில்தான் நாள்தோறும் அதிகாலைச் செபம், திருப்பலி, பிறகு தெருவில் கிடந்தவர்களைத் தூக்கும் வேலை. அவர் செய்ததைப் பார்த்து உந்துதல் பெற்றவர்கள் கோடிக்கணக்கில். அந்த உந்துதல் அந்த ஆண்டுகளில் உணர்ச்சியாக அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. இதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

எழுதுவேன் என்றீர்களே, அதற்கு வருகிறேன். விவிலியத்தில் மௌனமாக இருப்பவர்களைத் தேடுங்கள். நான்கு நற்செய்திகளிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. வீரமாமுனிவர் அந்த மௌனத்துக்குள் நுழைந்து, யோசேப்பையே தலைவனாக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அத்தனை பெரிதாக வேண்டாம். மத்தேயு எழுந்து போனபின் மேசையில் காசு எண்ணிக்கொண்டே இருந்த அந்த மற்றவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம்.

ஆனால் அதற்கும் முன்னால், பயன்படுகிற ஒன்றை எழுதச் சொல்வேன். உங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கான விசுவாசிகளின் மன்றாட்டுகளை எழுத ஆள் தேவைப்படுகிறதா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பல பங்குகளில் அச்சிட்ட புத்தகத்திலிருந்து அப்படியே வாசித்துவிடுகிறார்கள். திங்கள்கிழமையே அடுத்த ஞாயிறு நற்செய்தியை வாசியுங்கள். அந்த வாரம் பங்கில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் வீட்டில் இழவு, யாருக்கு வேலை போனது என்று அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கச் சிறு குழுவில்) இருப்பவர்களிடம் விசாரியுங்கள். பெயர் போடாமல், ஆனால் அவர்கள் கேட்டால் தங்களுக்குத்தான் என்று புரிகிறமாதிரி, நான்கு மன்றாட்டுகள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வாசிக்க முடிய வேண்டும். சத்தமாக வாசித்துத் திருத்துங்கள். ஞாயிறன்று வேறொருவர் வாசிக்கட்டும்; நீங்கள் பீடத்துக்கு எதிரே மக்களோடு நின்று, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று அவர்களோடு சேர்ந்து சொல்லுங்கள்.